பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால்

எங்கள் ஊர் மினி பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில் இன்ஜின் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் போவேன். ஒருநாள் வழியில் ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. சாலை காலி. ஆனாலும் டிரைவர் அண்ணன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “லாரியப் பாக்காத தம்பி, லாரிக்கு அடியில பாரு” என்றார். சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அடுத்த நொடி, புத்தகப் பையோடு ஒரு சிறுமி மறைவிலிருந்து சாலைக்கு வந்தாள். பஸ் அதற்குள் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஒரு பார்வையின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டர். இப்போது அதே கார், அதே பிரேக், அதே டயர். ஓட்டுபவர் மட்டும் அரை நொடி தாமதமாகப் பார்க்கிறார். முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இவர் கார் கடக்கும்போது வேகம் கிட்டத்தட்ட 39 கி.மீ. ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. பிரேக் பிடித்த முதல் சில மீட்டர்களில் வேகம் கொஞ்சம்தான் குறையும். பெரும் பகுதி கடைசி மீட்டர்களில்தான் இறங்கும். அரை நொடித் தாமதம் தின்றுவிடுவது அந்தக் கடைசி மீட்டர்களைத்தான்.

அப்படியானால் முன்கூட்டியே பார்ப்பது எப்படி வருகிறது? கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஒரு சமயத்தில் நம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் தாவித் தாவித்தான் சாலையைப் படிக்கிறது. எங்கே தாவ வேண்டும் என்பதை மூளை முடிவு செய்கிறது. 1972-ல் அமெரிக்காவில் மூரன்ட், ராக்வெல் என்ற இருவர் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னாலேயே, குறுகிய பரப்புக்குள் நின்றது. அனுபவசாலிகளின் பார்வை தூரத்துக்கும் பக்கவாட்டுக்கும் கண்ணாடிகளுக்கும் போய்வந்தது. புதியவருக்கு வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருப்பதே பெரிய வேலை. கியரும் கிளட்சும் தானாக வரத் தொடங்கிய பிறகுதான் மனசுக்கு லாரியின் அடியில் பார்க்க நேரம் கிடைக்கிறது.

மேம்பட்ட ஓட்டுநர் பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஈரத் தரையில் வழுக்கும் காரை லாகவமாகத் திருப்பும் காட்சி. நார்வே 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன! வழுக்கினாலும் சமாளிக்கலாம் என்ற தெம்பில் வேகம் கூடிவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். ஸ்வீடனில் கிரேகர்சன் என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஒரு குழுவுக்கு வண்டியைக் கையாளும் திறனைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அந்தத் திறன் எங்கே கைவிடும் என்பதை உணரவைத்தார்கள். சோதித்தபோது திறமையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தன்னைப் பற்றிய மதிப்பு மட்டும் முதல் குழுவுக்கு எகிறியிருந்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2002 நவம்பரிலிருந்து அங்கே லைசென்ஸ் வாங்க ஆபத்தறியும் தேர்வும் எழுத வேண்டும். 14 வீடியோக்கள், அவற்றில் 15 ஆபத்துகள் மெல்ல உருவாகும். எவ்வளவு சீக்கிரம் மவுஸைத் தட்டுகிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் கணினியிலேயே செய்யும்படி ஒரு சிறு பயிற்சியை உருவாக்கினார்கள். பாதசாரிகள் கடக்கும் இடத்தை மறைத்து நிற்கும் லாரி போன்ற காட்சிகளைக் காட்டி, எங்கே பார்த்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது. கலிபோர்னியாவில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஆயிரக்கணக்கான இளையோரிடம் சோதித்தபோது, பயிற்சி பெற்ற ஆண்களின் விபத்து விகிதம் சுமார் 24 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நம் ஊர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் கையும் காலும் தேறிவிட்டன என்று அர்த்தம். கண்ணை யாரும் சோதிப்பதில்லை. போர்டில் எழுத்து தெரிகிறதா என்பதோடு சரி. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கும்போது இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர்களுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு: பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி. “இடப்பக்கம் ஆட்டோ, முன்சக்கரம் திரும்பியிருக்கு. டீக்கடை வாசல்ல பைக், ஆள் ஏறி உட்கார்ந்தாச்சு. பந்து உருளுது, பின்னாடியே யாராவது வருவாங்க.” முதல் சில நாட்கள் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ பின்னால் போய்விடும். அப்புறம் சக்கரம் திரும்பியிருப்பது ஐம்பது மீட்டருக்கு முன்பே கண்ணில் படத் தொடங்கும்.