விடுதிப் பள்ளியைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் என் மருத்துவமனைக்கு ஒரு படிவம் வந்துகொண்டே இருக்கும். விடுதியில் சேரும் மாணவருக்கான உடல் தகுதிச் சான்றிதழ் அது. உயரம், எடை, இரத்தப் பிரிவு, தொற்றுநோய் உண்டா இல்லையா என நான்கைந்து கட்டங்களும், கீழே மருத்துவரின் கையொப்பத்துக்கும் முத்திரைக்கும் இடமும் இருக்கும். பெற்றோர் பலர் பிள்ளையைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டுப் படிவத்தை மட்டும் கொண்டுவருவார்கள். ஈரோட்டில் குழந்தைகள் நல மருத்துவராக 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் நான், பிள்ளையைப் பார்க்காமல் அதில் கையொப்பமிடுவதில்லை. "அங்கே போக உனக்கு விருப்பமாப்பா?" என்பதுதான் பிள்ளையிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் பதில் அம்மாவிடமிருந்து வரும். "அவனுக்கு என்னங்க டாக்டர் தெரியும், போகப் போகப் பழகிக்குவானுங்க" என்பார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பெற்றோரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பகுதியில் விடுதிப் பள்ளி என்றாலே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்ற பெயர்கள்தாம் வாயில் வரும். நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின், 2007 முதல் 2016 வரை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே வைத்து மாநிலத்தின் மருத்துவ, பொறியியல் இடங்கள் நிரப்பப்பட்டன. அந்த ஒரு தேர்வுக்காகப் பிள்ளையை இரண்டு ஆண்டுகள் வெளியுலகமே தெரியாமல் படிக்கவைக்கும் முறை அந்தக் காலத்தில்தான் ஆழ வேரூன்றியது. 2017-இல் பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நீட் தேர்வு கட்டாயமானது. பல விடுதிகள் பாடத்தை மாற்றிக்கொண்டனவே தவிர, பிள்ளைகளை எழுப்பும் மணியை மாற்றவில்லை. தம் பிள்ளை பின்தங்கிவிடக்கூடாது என்ற அச்சத்தில் நிலத்தை அடகுவைத்துக் கட்டணம் கட்டுகிற தந்தையின் அன்பை நான் ஒருபோதும் ஐயப்பட்டதில்லை.

அந்த அன்போடு பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போய்விட்டு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை. வகுப்பறை, ஆய்வகம், மைதானம், வரவேற்பறையில் மாட்டிய மதிப்பெண் பலகை ஆகியவற்றைக் காட்டி மதிய உணவும் போட்டு அனுப்பிவைப்பார்கள். இவை அனைத்தும் நாள்தோறும் வீடு திரும்பும் பள்ளியிலும் உண்டு. விடுதிப் பள்ளி கூடுதலாக எடுத்துக்கொள்வது மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரையிலான பொழுதை. என்னிடம் வரும் விடுதிப் பிள்ளைகளின் நோய்களில் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உண்டாவது.

முதலில் உறக்கம். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பருவம் எய்தும் வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால், அந்த வயதுப் பிள்ளைக்கு இயல்பாகவே பிந்தித்தான் கண் சொருகும். விடியற்காலையில் எழுப்பினால் உடல் ஒத்துழைக்காது. இது சோம்பல் அன்று. இரவு 11 வரை மேற்பார்வைப் படிப்பு, காலை 4.30-க்கு மணி என்றால் எஞ்சுவது ஐந்தரை மணி நேரம். பகலில் படித்ததை மூளை நினைவாக உறுதிப்படுத்துவது உறக்கத்தில்தான் என்பதால், அந்த நேரத்தைப் பிடுங்கிப் பாடத்துக்குக் கொடுப்பது பாடத்துக்கே எதிரானது. "எவ்வளவு படிச்சாலும் மறந்துபோகுதுங்க சார்" என்று வந்து, நினைவாற்றலுக்கு டானிக் கேட்ட பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலரிடம் ஒரு நாளின் நேர அட்டவணையை எழுதித்தரச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு டானிக் தேவைப்படவில்லை.

அடுத்தது கழிப்பறை. இதைப் பேசப் பெற்றோருக்குக் கூச்சம். ஆனால் பிள்ளைக்கு இதுவே அன்றாடப் போராட்டம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்காக ஓர் ஆண்டில் மூன்று முறை அழைத்துவரப்பட்ட ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மூன்றாம் முறைதான் காரணத்தைச் சொன்னாள். கழிப்பறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது, விளக்கு எரியவில்லை, ஆகவே அவள் மாலை 5 மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். மூன்று முறை மருந்து எழுதிய நானும் அந்தக் கேள்வியை முதல் முறையே கேட்டிருக்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கமும் அப்படித்தான். பத்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. மருத்துவத்தால் சரிசெய்யவும் முடியும். "ஹாஸ்டலில் சேர்ந்தால் பயத்தில் நின்றுவிடும்" என்று நம்பி அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. முப்பது பேர் படுக்கும் கூடத்தில் காலையில் ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும் சிறுவனின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

தொற்றுநோய்களில் அதிகம் பார்ப்பது சொறி. பூச்சி தோலில் ஏறிய பிறகு, முதல் முறை என்றால், அரிப்பு தொடங்க 2 முதல் 6 வாரம்வரை ஆகலாம். அதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் பரவியிருக்கும். ஆகவே ஒரு மாணவனுக்கு மட்டும் களிம்பு தடவுவதில் பயனில்லை. அறையிலுள்ள அனைவரும் ஒரே இரவில் தடவிக்கொண்டு, துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். அப்படி ஒரே நாளில் எல்லாருக்கும் சிகிச்சை தர விடுதி நிருவாகம் முன்வருமா என்று கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்தே நிருவாகத்தின் தன்மை தெரிந்துவிடும். சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் உரிய தடுப்பூசிகள் அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இல்லை என்பதால், சேர்க்கைக்கு முன்பே அவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் ஆகியவை உள்ள பிள்ளைகளின் நோயை, இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்கவே மறைக்காதீர்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது இன்ஹேலர் பூட்டிய அறையில் இருந்தால் என்ன ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போன மாலையில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனாலேயே "நடிக்கிறான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வலி உண்மையானது. பிரிவின் துயரைச் சொல்லத் தெரியாத வயதில் வயிறு அதைச் சொல்கிறது. முதல் சில வாரங்கள் அழுவதும் வீட்டை எண்ணி ஏங்குவதும் இயல்பு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் சாப்பாடு குறைவதும், நண்பர் ஒருவர்கூட அமையாததும், தொலைபேசியில் "ம்", "சரி" என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிவதும் இயல்பல்ல. வார்டன் பக்கத்தில் நிற்க, ஒலிபெருக்கியில் வைத்துப் பேசும் பிள்ளை எதையும் சொல்லமாட்டான். யாரும் கேட்காத இடத்திலிருந்து பேச அனுமதி உண்டா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடைசெய்கிறது. பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தும் புகார் அளிக்காமல் இருப்பது போக்சோ சட்டத்தின்கீழ் குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்பது சாக்காகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

விடுதியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. பர்கூர் மலையிலும் கொல்லிமலையிலும் எட்டாத தொலைவில் உயர்நிலைப் பள்ளி இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு, அரசின் உண்டு உறைவிடப் பள்ளி இல்லையெனில் படிப்பே இல்லை. அப்பா குடித்துவிட்டு வந்து கத்தும் வீட்டிலிருந்து விடுதிக்குப் போய், மூன்று மாதத்தில் 4 கிலோ எடை கூடி, சிரித்த முகத்தோடு வந்த சிறுமியையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒழுக்கம் வரும் என்பதற்காக அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பதினோராம் வகுப்பு என்றால், பிள்ளை தானே விரும்பிக் கேட்டால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் ஒருநாள் மாலை 6 மணிக்கு மேல் போய், இரவு உணவை அவர்களோடு சாப்பிட்டு, கழிப்பறையில் குழாயைத் திறந்துபார்த்து, நோயுற்ற பிள்ளையைக் கிடத்தும் அறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் போய்விடும் என்பதற்காகவே திரும்பி வரமுடியாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்த மாணவர்களை எனக்குத் தெரியும். "பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

இவ்வளவையும் பேசிய பிறகுதான் நான் படிவத்தை நிரப்புகிறேன். அன்றைய எடையை என் பதிவேட்டிலும் குறித்துவைத்து, காலாண்டு விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது பிள்ளையை மறுபடியும் அழைத்துவரச் சொல்கிறேன். எடை, விரலிடுக்கு, கடித்த நகம் ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பிறகு பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மே மாதம் கேட்ட அதே கேள்வியைப் பிள்ளையிடம் திரும்பவும் கேட்கிறேன்.