காருக்குள் எல்.இ.டி. பல்பு: மாற்றுங்கள், ஆனால் ஒயரை வெட்டாதீர்கள்

காரின் ரூஃப் லைட்டை எல்.இ.டி.யாக மாற்றலாமா என்று கேட்டால், தாராளமாக மாற்றலாம் என்பதே என் பதில். கார் மின்வேலையில் இதைவிடச் சுலபமான வேலை குறைவு. ஹோல்டரில் இருக்கும் பழைய பல்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் புதியதைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற முறையில் என்னிடம் வரும் வண்டிகளைப் பார்த்துச் சொல்கிறேன். சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை, ஸ்டீரியோ ஆன் ஆகவில்லை, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று வரும் புகார்களைத் துருவிக்கொண்டே போனால், கடைசியில் காருக்குள் யாரோ போட்டுக் கொடுத்த விளக்கில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரில் என்ன பல்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் உள்ளே இருப்பவை இரண்டே வகை. ஒன்று, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்து, நடுவில் கண்ணாடிக் குழாயாக இருக்கும் ஃபெஸ்டூன் பல்பு. பார்க்க ஃப்யூஸ் மாதிரி இருக்கும். இது 31, 36, 39, 41 மி.மீ. எனப் பல நீளங்களில் வருகிறது. இன்னொன்று, உலோக அடிப்பாகமே இல்லாமல் கண்ணாடியே தட்டையாக முடியும் கேப்லெஸ் பல்பு. கடைகளில் டி10 என்று கேட்டால் கொடுப்பார்கள். ரூஃப் லைட், மேப் லைட், டிக்கி லைட், கிளவ் பாக்ஸ் லைட் எல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். அளவு தெரியாமல் வாங்காதீர்கள். பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தாலும் பல்பு கிளிப்பில் தளர்வாக நிற்கும். மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் மினுக்கும்.

மாற்றுவதால் லாபம் உண்டா? உண்டு. ரூஃப் லைட்டில் 10 வாட் பழைய பல்பு இருந்தால் அது சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். விளக்கை அணைக்க மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றால் ஒரு நாளைக்கு பேட்டரியின் சேமிப்பிலிருந்து ஏறக்குறைய 20 ஆம்பியர்-ஹவர் (Ah) போய்விடும். சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். இரண்டாம் நாளே ஸ்டார்ட் ஆகாது. ஒரு வாட் எல்.இ.டி. என்றால் 0.1 ஆம்பியருக்கும் குறைவு. சில நாள் தாங்கும். இன்றைய கார்கள் பலவற்றில் சிறிது நேரத்தில் விளக்கைத் தானே அணைத்துவிடும் வசதி இருக்கிறது. பழைய வண்டிகளில் அது கிடையாது, அவற்றுக்கு எல்.இ.டி. உண்மையிலேயே உதவி. இன்னொரு லாபம் சூடு. பழைய பல்பின் சூட்டில் ரூஃப் லைட் மூடி மஞ்சளாகி, நொறுங்கும் அளவுக்குப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அளவான எல்.இ.டி.யில் அந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 5 வாட் கேப்லெஸ் பல்பு தருவது சுமார் 50 லூமென் (வெளிச்சத்தின் அளவு). காரைத் தயாரித்தவர்கள் அந்த அளவை வைத்துத்தான் மூடியையும் பிரதிபலிப்பானையும் வடிவமைத்தார்கள். அதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைத்தாலே சீட்டுக்கு அடியில் விழுந்த சாவியைத் தேட, குழந்தைக்குப் பால் புட்டியைக் கலக்க, மருந்துச் சீட்டைப் படிக்க எல்லாம் போதும். கடையில் காட்டும் 48 சிப், 72 சிப் என்று சின்ன எல்.இ.டி.க்கள் நிறைந்த பலகை, அதாவது பேனல், எதற்கு? இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது பின்சீட்டில் இருப்பவர் ஏதோ தேட விளக்கைப் போடுகிறார் என்று வையுங்கள். பழைய மஞ்சள் பல்பு என்றால் ஓட்டுபவர் கொஞ்சம் சமாளித்துவிடுவார். இந்தப் பேனலாக இருந்தால் முன் கண்ணாடி முழுக்க உள்ளே இருப்பவர்களின் முகமும் சீட்டும் தெரியும், ரோடு தெரியாது. விளக்கை அணைத்த பிறகும் கண் உடனே திரும்பாது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம்கூட ஆகும். வயது ஏற ஏற இந்தக் கூச்சம் அதிகம் தொந்தரவு செய்யும். ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், மகன் ஆசையாகப் போட்டுக் கொடுத்த பேனலைக் கழற்றச் சொல்லியே வந்தார். “கதவைத் திறந்தாலே கண்ணுல அடிக்குது தம்பி” என்றார். சரியான புகார்தான்.

நிறமும் முக்கியம். டப்பாவில் 6000 அல்லது 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 3000 என்றால் மஞ்சள். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். பூச்சு தரமில்லாமல் போனால் நீலம் தூக்கலாக வரும். மிக மலிவான பல்புகள் நீலமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது 4000 கெல்வின் பக்கம். எழுத்து தெளிவாகத் தெரியும், கண்ணும் கூசாது. வீட்டு டியூப் லைட் மாதிரி பளீரென்று வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்களிடமும், மேப் லைட்டில் மட்டுமாவது அதைப் போடாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அது ஓட்டுபவரின் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது தரம். 12 வோல்ட் என்று நாம் சொன்னாலும் காரில் அது நிலையாக 12 கிடையாது. எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 14.4 வரை கொண்டுபோகும். மலிவான எல்.இ.டி. பல்பில் மூன்று சிப்பை வரிசையாகச் சேர்த்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்துவிடுவார்கள். மூன்று சிப்பும் சேர்ந்து 9.6 வோல்ட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், எஞ்சின் ஓடாதபோது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 3 வோல்ட், ஓடும்போது 4.8 வோல்ட். அதாவது சிப்பில் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடிவிடுகிறது. இதற்கு மேல் சித்திரை வெயில். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், ரூஃப் தகட்டை ஒட்டிய இடத்தில் இன்னும் அதிகம். அதனால்தான் சில பல்புகள் சில மாதத்திலேயே ஒரு பக்கம் அணைந்து, மறுபக்கம் துடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரத்தை நிலையாக வைக்கும் டிரைவர் ஐசி உள்ள பல்பு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். விலை கொஞ்சம் கூடும். கொடுக்கலாம்.

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பேனல் வகை எல்.இ.டி. ஒன்று வருகிறது. தட்டையான பலகையில் சிப்கள் இருக்கும், பின்னால் டபுள் சைடு டேப், ஒரு சின்ன ஒயர், அதன் முனையில் ஃபெஸ்டூனுக்கோ டி10-க்கோ ஒரு அடாப்டர். ஹோல்டரில் அடாப்டரைச் செருகி, பேனலை மூடிக்குள் ஒட்டிவிடுவார்கள். வெயிலில் அந்தப் பசை இளகும். பேனல் கழன்று தொங்கும். பின்பக்க சால்டர் எந்த மறைப்பும் இல்லாமல் இருந்தால், ரூஃபின் இரும்பில் பட்டவுடன் ஷார்ட். நிறையக் கார்களில் ரூஃப் லைட்டுக்கு பாஸிட்டிவ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், கதவு சுவிட்ச் எர்த்தைத்தான் இணைக்கிறது. ஆகவே விளக்கு அணைந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாவி பாக்கெட்டில் இருக்கும்போதும் அங்கே மின்சாரம் காத்திருக்கிறது.

ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போகும். போகட்டும், அதற்குத்தானே அது இருக்கிறது. ரூஃப் லைட் ஃப்யூஸ் பல கார்களில் தனியாக இருக்காது. ஸ்டீரியோ மெமரி, சென்ட்ரல் லாக், மீட்டர் கடிகாரம் என்று இன்னும் சிலவற்றோடு சேர்ந்து இருக்கும். அதனால்தான் பல்பு மாற்றிய பிறகு லாக் வேலை செய்யவில்லை என்று குழம்பி வருகிறார்கள். இதுவரை பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. ஒருமுறை வந்த ஒரு வண்டியில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று யாரோ 30 ஆம்பியர் ஃப்யூஸைச் செருகியிருந்தார்கள். ரூஃபுக்குள் போகும் மெல்லிய ஒயர் அந்த அளவைத் தாங்காது. ஃப்யூஸ் போவதற்குப் பதிலாக ஒயர் சூடாகி, இன்சுலேஷன் உருகி, மேல் துணியில் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. அந்தத் துணியும் அதன் பின்னால் இருக்கும் நுரையும் எரியக்கூடியவை. வண்டிக்குள் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பே போதும். ஃப்யூஸ் மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்தான். அதுவும் போனால் காரணத்தைத் தேடுங்கள்.

வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்கள் ஒன்றும் பயப்பட வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, ரூஃப் லைட் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள். அது எது என்று தெரியாவிட்டால் காருடன் வந்த கையேட்டில் பார்க்கலாம். பல்பு எரிந்துகொண்டிருந்தால் ஆறவிடுங்கள், ஃபெஸ்டூன் பல்பு கை சுடும். மூடியின் ஓரத்தில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும், அங்கே பிளாஸ்டிக் நெம்பியையோ பழைய ஏடிஎம் கார்டையோ விட்டு மெதுவாகத் தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் மூடியும் உடையும், ஃப்யூஸைப் பிடுங்காமல் இருந்தால் ஷார்ட்டும் ஆகும். புதிய பல்பைப் பொருத்தி, ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, மூடியை மாட்டும் முன்பே எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பு கெட்டது என்று எறிந்துவிடாதீர்கள். எல்.இ.டி.க்குப் பாஸிட்டிவ், நெகட்டிவ் பக்கம் உண்டு. திருப்பிப் போட்டால் எரியும்.

மாற்றிய பிறகு, இரவில் எல்லாக் கதவும் மூடியிருக்கும்போதும் பல்பு லேசாக மினுங்குகிறதே என்று சிலர் கேட்பார்கள். சுவிட்சில் இருக்கும் காட்டி விளக்கு வழியாகவோ, பிசிஎம் எனப்படும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் பல்பைச் சோதிக்க அனுப்பும் சிறு மின்சாரத்தாலோ அப்படி வரலாம். பழைய பல்பின் இழையைச் சூடாக்க அது போதாது, எல்.இ.டி.க்குப் போதும். கேன்பஸ் என்று எழுதிய பல்பில் இணையாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டர் சூடாகும். தேவை இல்லாத இடத்தில் அதைப் போடாதீர்கள். பல்பு எரியும்போது எஃப்.எம்.மில் இரைச்சல் வந்தால் பல்பின் டிரைவர் தரமில்லை, மாற்றிவிடுங்கள்.

கால் வைக்கும் இடத்தில், டாஷ்போர்டு ஓரத்தில், சீட்டுக்கு அடியில் ஒட்டும் கலர் ஸ்ட்ரிப் லைட்டுகள் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பல்பு மாற்றுவது வேறு, இது வேறு. இதற்கு ஒயர் இழுக்க வேண்டும். சில இடங்களில் கதவு விளக்கின் ஒயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிடுகிறார்கள். அந்த விளக்கை இயக்குவது பிசிஎம் என்றால், கூடுதல் சுமையில் அதன் உள்ளே இருக்கும் டிரைவர் போகலாம். பல்பு வாங்கிய காசு எங்கே, பிசிஎம் விலை எங்கே! ரிமோட் அல்லது மொபைல் ஆப்பில் இயங்கும் ஸ்ட்ரிப்பை எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனில் கொடுத்தால், விளக்கு அணைந்திருந்தாலும் அதன் கன்ட்ரோலர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இதைவிடக் கவலை ஏர்பேக். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். இப்போது கூரை ஓரத்திலும் சீட்டிலும்கூட ஏர்பேக் வருகிறது. ஒயர்களை இணைக்கும் மஞ்சள் கப்ளர், ஒயர் மேல் மஞ்சள் உறை கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது. அந்த ஒயரில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பைக் குத்திப் பார்த்தால், பல்பு வழியாகப் போகும் மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். கதவுக்கு மேலே கூரை ஓரமாகவும் முன் தூண் உறைக்குள்ளும் ஒயரைத் திணித்தால், விபத்தின்போது அந்தப் பை விரியும் பாதையில் அது கிடக்கும். ஓட்டுபவரின் காலடியில் ஒட்டிய ஸ்ட்ரிப் கழன்று பிரேக் பெடலில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகி இன்னொரு லைன் எடுக்கும் சின்ன அடாப்டர்) மூலம், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனில், அதற்கென்று 2 அல்லது 3 ஆம்பியர் தனி ஃப்யூஸோடு எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கக் காலடியை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் ஒயர் எங்கே இணைத்திருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இருந்தால், நம் வெயிலில் அந்த டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். புது வண்டி என்றால் ஒயரை வெட்டிய பிறகு மின்சாதன வாரன்டி கேட்டுப் போகும்போதும் பிரச்சினை வரும்.

பத்து பல்பு பாக்கெட்டாக வாங்கியவர்கள் மிச்சத்தை நம்பர் பிளேட் விளக்கிலும் பார்க்கிங் லைட்டிலும் போட்டுவிடுவது சகஜம். அளவு ஒன்றுதான், பொருந்திவிடும். ஆனால் நம்பர் பிளேட் மேல் விழ வேண்டியது வெள்ளை ஒளி என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நீலமோ ஊதாவோ அங்கே கூடாது, முன் பார்க்கிங் லைட்டிலும் கூடாது. பின்னால் பார்க்கிங் விளக்கு சிவப்பாகத்தான் தெரிய வேண்டும். சிவப்பு மூடிக்குள் நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யைப் போட்டால் ஒளி மங்கி, பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியாமல் போகலாம். மிச்சப் பல்புகளை கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய பல்புகளையும் தாளில் சுற்றி அதோடு வையுங்கள். வெளியூரில் எல்.இ.டி. ஒன்று போய்விட்டால் அதையே மாட்டிக்கொள்ளலாம், வாரன்டி வேலைக்கு வண்டியை விடும்போதும் பழையபடி பொருத்திக் கொடுக்கலாம்.