மொழியை மாற்றுமுன் டெஸ்ட் சர்வரை நிறுத்துங்கள்

"பைத்தான் என்ற நிரல்மொழியை விட்டுவிட்டு, வேகமான ரஸ்ட் மொழியில் எழுதினால் கார்பன் குறையுமா?" பருவநிலை பற்றிப் பேச்செடுத்தாலே டெவலப்பர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். அக்கறையில் குறையே இல்லை. ஆனால் அதே அணியின் டெஸ்ட் சூழல், அதாவது ஆப்பைச் சோதிக்க மட்டும் வைத்திருக்கும் சர்வர்கள், சனி, ஞாயிறு, நள்ளிரவு என்று பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மொழியை மாற்றினால் போதும் என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது 2017-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீடு. 27 மொழிகளை ஓடவிட்டுப் பார்த்ததில், சி மொழியைவிடப் பைத்தான் சுமார் 76 மடங்கு மின்சக்தி எடுத்தது. அந்த அட்டவணை இன்றும் சுற்றுகிறது. ஓடியவை எப்படிப்பட்ட நிரல்கள் என்று பார்ப்பவர்தான் குறைவு. அவை ப்ராசஸரை இடைவிடாமல் பிழியும் சிறு கணக்கீடுகள். உங்கள் வெப் சேவை அப்படியா வேலை செய்கிறது? பெரும்பாலும் டேட்டாபேஸ் பதிலுக்கும் நெட்வொர்க்குக்கும் காத்துக் கிடக்கிறது. எண்களோடு மல்லுக்கட்டும் பைத்தானிலும் நம்பை (NumPy) போன்ற ஆயத்த நிரல் நூலகங்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் சி கோட். இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகராதி) இல்லாததால் ஒரு டேட்டாபேஸ் குவெரி முழு டேபிளையும் படிக்கிறதென்றால், ரஸ்டிலிருந்து அனுப்பினாலும் முழு டேபிளைத்தான் படிக்கும். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை முதலில் போட்டுப் பாருங்கள்! நாள் முழுக்க ஓடும் வீடியோ என்கோடர், சிமுலேஷன் என்றால் மொழி மாற்றம் பலன் தரும். அதுவும், நிரலில் எது நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் ப்ரொஃபைலர் காட்டும் இடத்தில் மட்டும்.

2024-இல் டேட்டா சென்டர்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம். இதில் நம் கைக்கு எட்டும் பங்கு, வேலையின்றிக் கிடக்கும் சர்வர்களில் இருக்கிறது. வேலை இல்லாவிட்டாலும் சர்வர் கணிசமான மின்சாரம் எடுக்கும். க்ளவுடில் வாடகைக்கு எடுத்த நம் இயந்திரத்தை நிறுத்தினால் அடியிலுள்ள நிஜச் சர்வர் பெட்டி அணையாதே என்பார்கள். அணையாது. அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். புதிய பெட்டியின் தேவை குறையும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 10 மணி வீதம் 5 நாள் வேலை என்றால் 50. மீதி 118 மணி, அதாவது 70 சதவீதம், வீண். டெஸ்ட் சூழலை மாலையில் நிறுத்திக் காலையில் எழுப்ப ஒரு ஷெட்யூல் போடுங்கள். இரவு டெஸ்ட் ஏதும் அந்தச் சூழலை நம்பி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எழுப்பும்போது டேட்டாபேஸ் முதலில், ஆப் பிறகு. வரிசை மாறினால் ஆப் இணைப்புக் கிடைக்காமல் விழும். உடனே யாராவது ஷெட்யூலையே தூக்கிவிடுவார்கள். இந்த முயற்சி பெரும்பாலும் சாகும் இடம் அதுதான்.

ஆப்களைப் பல சர்வர்களில் பிரித்து ஓட்டும் கூபர்நெட்டீஸில், 2 ப்ராசஸர் கோர் கேட்டுவிட்டு 0.1 கோர் பயன்படுத்தும் பாட்கள் (ஆப் ஓடும் அலகுகள்) இன்னொரு நோய். கேட்ட அளவைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்படும். இரண்டு வார அளவீட்டைப் பார்த்துக் குறையுங்கள். மெமரியில் மட்டும் நிதானம். லிமிட்டைத் தாண்டினால் பாட் கொல்லப்படும். ரீட்மி என்ற விளக்கக் கோப்பின் திருத்தத்துக்கெல்லாம் முழுத் தானியங்கி டெஸ்ட் பைப்லைன் ஓட்டாதீர்கள்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம், நிலத்தில் நிற்கும் காற்றாலை 11 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுவை வாழ்நாள் கணக்கில் உமிழும். ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2014-இல் தந்த நடுமதிப்புகள் இவை. ஆகவே அவசரமில்லாத ரிப்போர்ட், மாடல் பயிற்சி எல்லாவற்றையும் வழக்கம்போல நள்ளிரவு 12-க்கே வைக்காதீர்கள். சூரிய மின்சாரம் மிகுந்த மின் வலையமைப்பில் நண்பகல்தான் சுத்தமான நேரம். எந்த ஊர் மின்சாரம் எவ்வளவு கார்பன் உமிழ்கிறது என்று காட்டும் எலக்ட்ரிசிட்டி மேப்ஸ் தளத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள்.

ஃபோன் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு ஃபோனின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பங்கு அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. நன்றாக இயங்கும் ஃபோனை உங்கள் ஆப்பே குப்பைக்கு அனுப்பலாம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய ஃபோனிலும் சோதியுங்கள். குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்தும் அந்த ஒரு வரியைக் கோடில் சேர்க்குமுன் (மெர்ஜ்), அதனால் எத்தனை ஃபோன்கள் வெட்டுப்படும் என்ற எண்ணிக்கையை அதே கோட் ரிவ்யூவில் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.