டோபமைன் படத்தில் அகப்படாத நடுக்கம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் தாம் விவரித்த நோயை 'நடுக்கு வாதம்' என்றே குறிப்பிட்டார். ஆனால் பார்க்கின்சன் நோயாளியின் அன்றாட வாழ்வை மிகுதியும் முடக்குவது இயக்க மந்தமே. கட்டைவிரலில் சுட்டுவிரலை விடாமல் தட்டச் சொன்னால், முதல் சில தட்டுகளில் நன்கு விரியும் விரல்கள் போகப் போகக் குறுகி, இடையிடையே தடுமாறி நின்றுவிடுகின்றன. கையெழுத்தும் எழுத எழுதப் பொடியாகிக்கொண்டே போகிறது.

நடுமூளையில் டோபமைன் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிவதே இந்த மந்தத்துக்குக் காரணம். அவற்றின் இழைகள் மூளையின் ஆழத்திலுள்ள காடேட், புட்டமென் பகுதிகளில் சென்று முடிகின்றன. வழக்கமான எம்.ஆர்.ஐ. இழைநுனிகளின் இழப்பைக் காட்டாது என்பதால், நோய் வெளிப்பட்ட பின்னும் அந்தப் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். டாட் ஸ்கேன் என்ற படப்பரிசோதனை அந்த நுனிகளையே தேடுகிறது. வெளிவிட்ட டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதம் அங்கே உண்டு. அதனுடன் ஒட்டிக்கொள்ளும் அயோஃப்ளுபேன் என்ற பொருளில் கதிரியக்க அயோடின்-123ஐப் பொருத்தி ஊசிவழி செலுத்தி, 3 முதல் 6 மணி நேரம் கழித்து, அதிலிருந்து வரும் காமா கதிர்களைப் படமாக்குகிறார்கள். நலமான மூளையில் இருபுறமும் காற்புள்ளி வடிவில் ஒளிர்வு தெரியும். இந்நோயில் புட்டமெனின் பின்பகுதி முதலில் மங்குவதால், வால் மறைந்து முற்றுப்புள்ளிதான் எஞ்சும். வலக்கையில் தொல்லை அதிகமென்றால், பொதுவாக மூளையின் இடப்பக்கம் கூடுதலாக மங்கியிருக்கும்.

பார்க்கின்சன் அல்லாத பரம்பரை நடுக்கம் போன்றவற்றில் இந்தப் படம் இயல்பாக இருப்பதால், ஐயமுள்ள இடங்களில் இது பெரிதும் உதவுகிறது.

ஒளிர்வு குறையும் அளவு இயக்க மந்தத்தோடும் தசை விறைப்போடும் ஓரளவு பொருந்துகிறது. நடுக்கத்தின் கடுமையோடு அவ்வாறு பொருந்துவதில்லை. இப்பரிசோதனையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். கையசைவைப் பதிவுசெய்துகொண்டே மூளை இயங்கும் விதத்தைக் காட்டும் செயல்சார் எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வுகளில், நடுக்கம் தொடங்கும் கணத்தில் டோபமைன் குறைந்த அடித்தள முடிச்சுகள் (காடேட், புட்டமென் உள்ளிட்ட ஆழ்பகுதிகள்) தூண்டப்படுவதும், அதன் பிறகு நடுக்கத்தின் வீச்சுக்கு ஏற்பச் சிறுமூளை, மூளையின் நடுவே செய்திகளைக் கடத்திவிடும் தலாமஸ், அசைவுகளை ஏவும் இயக்கப் புறணி ஆகியவை இணைந்த சுற்று ஏறி இறங்குவதும் தெரியவந்தன. அந்தச் சுற்றின் நிலையை டாட் ஸ்கேன் அளப்பதில்லை. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையால் நடை தேறிய சிலருக்கு நடுக்கம் மட்டும் அடங்காமல் இருப்பதும், தலாமஸில் மின்முனை பொருத்தினால் நடுக்கம் தணிந்தும் மந்தம் பெரிதாகக் குறையாமல் இருப்பதும் இதனோடு ஒத்துப்போகின்றன.