ஒரு மேட்டில் பட்ட அடி எங்கே போய்ச் சேர்கிறது?

அட்வென்ச்சர் பைக் வாங்கப்போகிற யாரிடம் பேசினாலும் மூன்று கேள்விகள் வரும். ஓட்ட எப்படி இருக்கும், வண்டி கட்டுமஸ்தானதா, வாரண்டியை ஒழுங்காகத் தருவார்களா. மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒரு போல்ட் உடைந்து கையில் வந்தபோதுதான் மூன்றும் ஒரே கேள்வி என்று புரிந்தது: சாலை கொடுக்கும் அடியை யார் வாங்கிக்கொள்கிறார்கள்? சஸ்பென்ஷன் வாங்காததை சேசிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடு, வாங்கும். சேசிஸ் பல வருடம் வாங்கிச் சேர்த்துவைத்தது கடைசியில் சர்வீஸ் சென்டர் மேசைக்கு வரும். அந்த அடியைப் பின்தொடர்ந்து போவோம்.

5 செ.மீ. உயரம், அரை மீட்டர் நீளம் உள்ள ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி அந்த அரை மீட்டரைக் கடக்க 0.03 நொடிதான் ஆகும். அதற்குள் முன்சக்கரம் மேலே ஏறி இறங்கியாக வேண்டும். ஆனால் ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கும் உடல், அதாவது இன்ஜின், டேங்க், நீங்கள் எல்லாம் சேர்ந்த கனம், நொடிக்கு ஒன்றரை இரண்டு முறைக்கு மேல் ஆடாது. ஒரு முழு ஆட்டத்துக்கே அரை நொடிக்கு மேல் வேண்டும். அதனால் சக்கரம் தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது உடலுக்கு நடந்தது சரியாகத் தெரிந்திருக்காது. நல்ல சவாரி என்று நாம் சொல்வதன் அடிப்படை அவ்வளவுதான். சக்கரம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக இந்த ஏமாற்று வேலை நடக்கும்.

ஸ்பிரிங் அடியை விழுங்குவதில்லை, கடனாக வாங்கி வைத்துக்கொள்கிறது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். அதை நிஜமாகவே ஒழித்துக்கட்டுவது பின்சக்கரத்துக்கான ஷாக்கிலும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் இருக்கும் ஆயில்தான். சிறு துளைகள் வழியாக ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது அசைவு சூடாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் அரை மணி ஓட்டிவிட்டுப் பின் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், கவனமாக. சுடும்.

இங்கேதான் விலை குறைந்த சஸ்பென்ஷனும் கூடியதும் பிரிகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிறது அல்லவா, அப்போது ஃபோர்க் அரை நொடியில் 8 செ.மீ. அமுங்குகிறது என்றால் அதன் வேகம் நொடிக்கு 16 செ.மீ. நம் மேட்டில் ஏறும்போதோ நொடிக்கு மூன்று மீட்டருக்கும் மேல். சுமார் 20 மடங்கு. வெறும் துளை வழியாக ஆயிலைத் தள்ளினால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது 20 மடங்கு வேகத்துக்கு 400 மடங்கு எதிர்ப்பு! குனிவதைக் கட்டுப்படுத்தும் அளவுக்குத் துளையைச் சிறியதாக வைத்தால் மேட்டில் ஃபோர்க் இரும்புக்கம்பியாகிவிடும். மேட்டுக்காகத் துளையைப் பெரிதாக்கினால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி மூக்கைக் குத்தும். பழைய எளிய ஃபோர்க்குகள் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவித்தன. இதற்குக் கண்டுபிடித்த வழி ஷிம் அடுக்கு. காகிதம்போல் மெல்லிய எஃகு வட்டுகளைத் துளைமேல் அடுக்கி வைப்பார்கள். மெதுவான அசைவில் அவை மூடியே இருக்கும், ஆயில் வேறொரு சிறு வழியில் போகும். திடீர் அடி வந்தால் அழுத்தத்தில் வட்டுகள் வளைந்து பெரிய வழி திறக்கும். எத்தனை வட்டு, எவ்வளவு தடிமன் என்பதில்தான் சஸ்பென்ஷன் ட்யூன் செய்பவரின் கைவண்ணம் இருக்கிறது. இரண்டு வண்டிகளின் விவரப் பட்டியலில் ஒரே பயண அளவு (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) எழுதியிருந்தும் ஒன்று மெத்தை, ஒன்று கட்டாந்தரை என்று தோன்றுவது இதனால்தான்.

பயண அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இல் முன்னும் பின்னும் 200 மி.மீ., யமஹா டெனெரே 700இல் முன்னால் 210-உம் பின்னால் 200-உம், பி.எம்.டபிள்யூ ஆர் 1300 ஜி.எஸ். வண்டியில் 190-உம் 200-உம், ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினில் 230-உம் 220-உம். இந்த எண்களை வைத்துச் சண்டை போடுவதில் பெரிய அர்த்தமில்லை என்பேன். நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே அதில் ஏறக்குறைய 30 சதவீதம் அமுங்கிவிட வேண்டும், அதற்குப் பெயர் சேக். 200 மி.மீ.யில் 60 போனால் மீதி 140 மேட்டுக்கு, அந்த 60 பள்ளத்துக்கு. 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் சரியாக இருக்கும் ஸ்பிரிங், 95 கிலோ ஆளும் பின்னால் ஒருவரும் இரண்டு பெட்டியும் ஏறினால் பாதிப் பயணத்தை நிற்கும்போதே தின்றுவிடும். ஒரே பைக்கை ஒருவர் ‘மேகத்தில் போகிற மாதிரி’ என்றும் இன்னொருவர் ‘முதுகு போச்சு’ என்றும் எழுதினால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அவர்கள் எடையைக் கேளுங்கள். 1300 ஜி.எஸ்.-இல் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் கேட்டு வாங்கினால் அது ஆயில் வழியை மட்டுமல்ல, ஸ்பிரிங்கின் கடினத்தையும் மாற்றிக்கொள்கிறது. அது பார்க்கும் வேலையில் ஒரு பகுதியை மற்ற வண்டிக்காரர்கள் ஒரு ஸ்பேனரை எடுத்து ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை) திருகிச் செய்துகொள்ளலாம். பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

21 இஞ்ச் முன்சக்கரம் பற்றியும் ஒரு கணக்கு. 90/90-21 டயரின் ஆரம் சுமார் 348 மி.மீ., 120/70-17 டயருக்கு 300. 10 செ.மீ. உயரக் கல் முன்னால் வந்தால் பெரிய சக்கரம் சுமார் 45 பாகைச் சரிவில் ஏறும், சின்னது 48 பாகையில். மூன்று பாகைதானே என்று தோன்றும். ஆனால் பின்னோக்கித் தள்ளும் விசையாகப் பார்த்தால் சின்ன சக்கரத்துக்கு சுமார் 13 சதவீதம் அதிக அடி. நாள் முழுக்கக் கல்லில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம், தார்ச்சாலைக்காரருக்கு வளைவில் கொஞ்சம் மந்தமாகத் திரும்பும் வண்டி மட்டுமே மிஞ்சும். 1300 ஜி.எஸ். 19 இஞ்ச் போட்டிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

சரி, பயணம் முழுக்கத் தீர்ந்து ஃபோர்க் அடியில் ‘டங்’ என்று தட்டினால்? அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறது. அடி நேராக உலோகத்துக்குப் போகிறது.

உலோகம் ஒரே அடியில் உடைவது அபூர்வம். அது சோர்ந்துதான் உடையும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்தபோது, தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் அச்சு உடைந்துவிடும் என்று சோதித்துக் காட்டினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே இருக்கும் ஆட்டத்தை ஏறக்குறைய எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை, சின்ன ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினியப் பாகங்களைப் பருமனாகச் செய்கிறார்கள். வெல்டிங் இணைப்புகளுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: மாறி மாறி வரும் தகைவு (சுமையால் உலோகத்துக்குள் ஏற்படும் அழுத்தம்) இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். பாதி அல்ல, எட்டில் ஒன்று. பெட்டியில் கூட ஐந்து கிலோ வைப்பதைப் பற்றி இப்போது வேறு மாதிரி யோசிப்பீர்கள், ஏனென்றால் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் நெம்புகோல்போலத் தொங்குகிறது, மேட்டில் ஏறும்போது 20 கிலோ ஒரு கணம் 60 கிலோ மாதிரி நடந்துகொள்ளும்.

சாலையின் அடிகள் போதாது என்று இன்ஜினும் சேர்ந்துகொள்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் நொடிக்கு 67 குலுக்கல். ஒரு மணி நேரத்தில் 2,40,000. நூறு மணி நேரம் ஓட்டினால் 2.4 கோடி. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கண்ணாடி நடுங்கி மங்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கண்ணாடித் தண்டின் இயல்பான அதிர்வெண்ணும் இன்ஜின் அதிர்வெண்ணும் அங்கே ஒத்துப்போகின்றன. கண்ணாடிக்கு நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கும் ஒரு பிராக்கெட்டுக்கு நடந்தால் தெரியாது.

கட்டுமானத் தரம் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: இந்தக் கோடிக்கணக்கான ஆட்டங்களுக்கு யார் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது. பெயின்ட் பளபளப்போ ஸ்கிரீன் அளவோ அல்ல. ஆப்பிரிக்கா ட்வினில் (2020க்குப் பிந்தையதில்) சீட்டையும் பெட்டிகளையும் தாங்கும் பின்பக்கச் சட்டம் தனி அலுமினியத் துண்டு, போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். டெனெரே 700 வந்தபோது பின்சட்டம் முதன்மைச் சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்ட எஃகு, கழற்ற முடியாது. எது உசத்தி? எஃகு வளைந்தால் சாதாரண வெல்டிங் பட்டறையில்கூட நிமிர்த்திவிடலாம், ஆனால் கோணலாகிவிட்டால் முழு சேசிஸையும் பாதிக்கும். அலுமினியத் துண்டை மாற்றுவது சுலபம், துண்டு கிடைத்தால். கிடைத்தால் என்ற அந்த ஒரு வார்த்தைதான் நம்மை வாரண்டிக்குக் கூட்டிப்போகிறது.

பாகங்கள் பழுதாவதற்கு ஒரு வடிவம் உண்டு, குளியல் தொட்டி வளைவு என்பார்கள். தொடக்கத்தில் தயாரிப்புக் குறைகளால் பழுது அதிகம், பிறகு நீண்ட சமதளம், கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏற்றம். ஸ்வீடன் பொறியாளர் வாலோடி வைபுல் 1951இல் எழுதிய கட்டுரை மூலம் பிரபலமான அவருடைய புள்ளியியல் பரவல் முறையை வைத்து, எத்தனை கி.மீ.யில் எத்தனை சதவீதப் பாகங்கள் போகும் என்று கம்பெனிகள் கணிக்கின்றன. வாரண்டிக் காலத்தை இப்படிப்பட்ட கணிப்பைப் பார்த்துத்தான் வைப்பார்கள்: தொட்டியின் முதல் சரிவும் சமதளத்தில் ஒரு பகுதியும் உள்ளே, கடைசி ஏற்றம் வெளியே. செயின், பிரேக் பேட், கிளட்ச் தட்டு எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை, அவை எப்போதும் வெளியே. ஆகவே ஐந்து வருட வாரண்டி தருகிற கம்பெனி தன் சமதளம் நீளம் என்று நம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது அது விற்பனைக்குப் போட்ட தூண்டில். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

ஆனால் வருடக்கணக்கைவிட முக்கியமான ஓர் எண்ணை யாரும் கேட்பதில்லை: பழுதானால் எத்தனை நாளில் வண்டி திரும்பி வரும்? கற்பனையாக இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மக்கர் செய்கிறது, ஆனால் பாகம் கையிருப்பில் இருப்பதால் ஒரே நாளில் சரி. இன்னொன்று 50,000 கி.மீ.க்கு ஒருமுறைதான், ஆனால் பாகம் கப்பலில் வர 45 நாள். ஒரு லட்சம் கி.மீ. ஓடி முடிக்கும்போது முதல் வண்டி ஐந்து நாள் படுத்திருக்கும். இரண்டாவது, தரமான வண்டி, 90 நாள். வாரண்டியில் இலவசமாகவே செய்து கொடுத்தாலும் அந்த 90 நாள் அப்படியேதான். டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது சர்வீஸ் பகுதியில் எத்தனை வண்டிகள்மேல் தூசி படிந்திருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

இப்போது என் போல்ட்டுக்கு வருகிறேன். பெட்டி மாட்டும் ரேக்கைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டுகளில் ஒன்று, நீண்ட பயணத்தின் நடுவில் தலை இல்லாமல் நின்றது. சர்வீஸ் சென்டரில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘ஓவர்லோட் சார், வாரண்டி வராது’ என்றார்கள். எனக்குக் கோபம். உடைந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக, அலை வந்து வந்து திரும்பிய மணலில் இருப்பதுபோல் வரி வரியாக இருந்தது. எல்லா வரிகளும் மரையின் அடியிலிருந்த ஒரு புள்ளியைச் சுற்றி விரிந்தன. மீதிக் கால் பங்குதான் சொரசொரப்பு. ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருந்திருக்கும். இது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல்.

அதற்காகக் கம்பெனி மேல் தப்பு என்றும் சொல்லிவிட முடியவில்லை. நன்றாக இறுகிய போல்ட் ஸ்பிரிங்போல இழுபட்டு இரண்டு துண்டுகளையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கும், வெளியிலிருந்து வரும் ஆட்டத்தில் சிறு பங்குதான் அதற்குப் போகும். இறுக்கம் தளர்ந்தால் முழு ஆட்டமும் போல்ட் தலையில். ரேக்கில் வாஷருக்கு அடியில் கெட்டியாகப் பெயின்ட் பூசியிருந்தது. அந்தப் பெயின்ட் அழுத்தத்தில் நசுங்கி ஒதுங்க, போல்ட்டின் இழுவிசை போய்விட்டது. ரேக்கோ நான் வெளியே வாங்கி மாட்டியது.

புது வண்டியை 500, 1,000 கி.மீ.யிலேயே முதல் சர்வீஸுக்குக் கூப்பிடுவதற்கு ஆயில் மாற்றுவது மட்டும் காரணமல்ல. புதிதாகச் சேர்ந்த பரப்புகள் ஒன்றில் ஒன்று நசுங்கிப் படிந்து போல்ட்டுகளின் இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும், டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பார்க்க வேண்டும். நான் மாட்டிய ரேக்கை அப்போது யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. உடைந்த பிறகு மிச்சம் ஐந்தில் ரெஞ்சை வைத்தேன். அவற்றில் நான்கு போல்ட்டுகள் கால் சுற்று திரும்பிய பிறகுதான் ‘க்ளிக்’ என்றன.