கூடை மீனுக்கு எத்தனை விதி?

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். பாம்பனில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம், "உங்க தொழிலுக்கு விதிமுறை ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டார். "விதி இல்லாம கூடையை எங்க இறக்குறது, தம்பி?"

அப்புறம் அவரே அடுக்கினார். விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் கிடையாது. அவர் வீட்டு வள்ளத்துக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் சரக்கு போக வேண்டும். விலையும் அந்த வியாபாரி சொல்வதுதான். அவர் எடுத்தது போக மிஞ்சினால்தான் இந்த அம்மாவின் கூடைக்கு. சந்தைக்குக் கொண்டுபோனால், சந்தை வசூலைக் குத்தகை எடுத்தவருக்குக் கூடைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இதில் அரசு எழுதியது பாதிகூட இல்லை. ஆனால் வியாபாரியின் விதியை மீறினால் அடுத்த முறை முன்பணம் கிடைக்காது. எந்த நீதிமன்றமும் இத்தனை வேகமாகத் தீர்ப்புச் சொல்லாது.

'முறைசாரா தொழில்' என்று பெயர் வைத்துவிட்டு, முறையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கோப்புகளை அப்புறம் புரட்டலாம், முதலில் ஒரு கூடையோடு ஒரு நாள் நடங்கள். யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள், எதற்கு என்று குறியுங்கள்.

சரி, அரசின் சட்டம்? தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. தெரு வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை ஏற்கெனவே விற்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. சரக்கைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். (கருவாடு அழுகும் பொருளா என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அது தனிக் கதை.) இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் குறைந்தது 40 சதவீதம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் இதெல்லாம் நகரங்களுக்கான ஏற்பாடு. நகரக் கணக்கில் வரும் பேரூராட்சியான மண்டபம் ஊரில் கேட்க முடிந்ததை, ஊராட்சியான பாம்பனில் அப்படியே கேட்க முடியாது.

வழக்கு என்று வந்தால் நான் முதலில் கேட்பது வசூல் சீட்டு. அந்த இடத்தில் இத்தனை வருடமாக விற்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

"சீட்டு கேட்டா, நாளைக்கு வராதேங்குறான்" என்றார் அந்த அம்மா. தேதியும் தொகையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அவருக்கு எழுதத் தெரியாது. இப்போது பேத்தி எழுதுகிறாள்.