மேளம் கேட்காத கல்யாண வீடியோ

சித்தப்பா மகளின் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் வாங்கி டிவியில் செருகியிருக்கிறார்கள். தாலி கட்டும் காட்சி பளிச்சென்று தெரிகிறது, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்கிறார், சத்தம் மட்டும் துளியும் இல்லை. “தம்பி, டிவி ஸ்பீக்கர் போயிடுச்சு போல, வந்து பாரேன்” என்று சித்தப்பா போன் செய்தார். போய்ப் பார்த்தால் செய்தி சேனல் நன்றாகவே கத்துகிறது. அதே பென்டிரைவை லேப்டாப்பில் செருகி விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டினால் கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது.

அதாவது ஒலி ஃபைலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, டிவிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. ‘கன்வெர்ட் செய்தேன், சத்தம் போய்விட்டது’ என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான்.

ஃபைல் பெயரின் வாலில் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் டிபன் கேரியரின் பெயர்கள். கேரியரைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. படத்தையும் ஒலியையும் எந்த முறையில் எண்களாக்கிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது தனி விஷயம். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஒரே எம்பி4 பெட்டிக்குள் ஏஏசி என்ற கோடெக்கில் சுருக்கிய ஒலியும் இருக்கலாம், ஏசி-3 என்ற வேறொரு கோடெக்கின் ஒலியும் இருக்கலாம். ஃபைலின் வாலை மட்டும் திருத்திப் பெயர் மாற்றினால் உள்ளே ஒன்றும் மாறாது என்பதும் இதனால்தான்.

கேரியர் உவமை ஓரிடத்தில் உதைக்கும். படம் ஒரு தட்டிலும் ஒலி இன்னொரு தட்டிலுமாக ஃபைலில் தனித்தனியே கிடப்பதில்லை. இலையில் சாப்பிடுவதைப் போல ஒரு பிடி படம், ஒரு வாய் ஒலி என்று மாறி மாறி அடுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரக் கணக்கு இருக்கும். பிளேயர் படத்துண்டுகளை ஒருவரிடமும் ஒலித்துண்டுகளை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுக்கிறது. ஒலியை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அந்தக் கருவியில் இல்லையென்றால் படம் மட்டும் ஊமையாக ஓடும்.

சித்தப்பா வீட்டு ஃபைலில் இருந்தது பிசிஎம், அதாவது சுருக்கவே சுருக்காத ஒலி. கேமரா நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக, இடது வலது இரண்டுக்கும் அப்படியே எழுதிவைக்கிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 15,36,000 பிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 690 எம்பி. எடிட் செய்கிறவர்களுக்கு இது வசதி, எம்ஓவி பெட்டியில் இது சகஜமும்கூட. யாரோ அதை எம்பி4 ஆக்கும்போது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உள்ளே இருந்ததைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எம்பி4 என்றால் ஏஏசிதான் இருக்கும் என்று எதிர்பார்த்த டிவி, பிசிஎம்மைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. விஎல்சி கையோடு பெரும்பாலான கோடெக்குகளையும் கொண்டுவருகிற ஆள், அதனால் அதில் ஓடியது.

சினிமா ஃபைல்களில் இதே சிக்கல் ஏசி-3, டிடிஎஸ் என்ற பெயர்களில் வரும். தியேட்டர்களுக்கு 1992, 1993 வாக்கில் வந்த பெயர்கள் இவை. உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பல போன்களும் டிவிகளும் இவற்றைச் சேர்க்காமலே விற்பனைக்கு வந்தன. ஏசி-3யின் காப்புரிமை 2017இல் முடிந்துவிட்டது, ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிவிக்கு அது தெரியாதே.

தீர்வு சின்னதுதான். படத்தை அப்படியே பிரதி எடு, ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்று என்று எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளிடம் சொன்னால் போதும். முழு வீடியோவையும் மறுபடி சுருக்குவதற்கு மணிக்கணக்காகும், படமும் கொஞ்சம் மங்கும். ஒலி மட்டும் என்றால் மூன்று மணி நேரக் கல்யாணமும் சில நிமிடங்களில் முடியும். நொடிக்கு 192 கிலோபிட் ஏஏசி வைத்தால் ஒலியின் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும், நாதஸ்வரத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் யாருமில்லை. கல்யாண வீடியோவை ஏதோ ஒரு ஆன்லைன் கன்வெர்ட்டரில் ஏற்றுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன்.

சரி, விஎல்சியிலும் சத்தம் வரவில்லை என்றால்? மூல ஃபைலையும் மாற்றிய ஃபைலையும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். மூலத்திலேயே ஒலி என்ற பகுதி இல்லையென்றால் தேடிப் பயனில்லை. டைம்லேப்ஸிலும், சில கேமராக்களின் ஸ்லோமோஷனிலும் ஒலி பதிவாவதே இல்லை. மூலத்தில் இருந்து புதியதில் இல்லையென்றால் கன்வெர்ட்டர் வழியில் இறக்கிவிட்டிருக்கிறது. எம்கேவியில் பல ஒலித்தடங்கள் இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கிடம் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுவாக அதிக சேனல் (இடது, வலது போன்ற தனித்தனி ஒலி) உள்ள ஒரே ஒரு தடத்தை எடுக்கும், எல்லாம் சமம் என்றால் முதலாவதை. கேம் ஒலி ஒரு தடம், மைக் இன்னொரு தடம் என்று பதிவுசெய்தவர்களுக்குத் தங்கள் குரல் மட்டும் காணாமல் போவது இப்படித்தான். எல்லாத் தடங்களும் வேண்டும் என்று சொல்லி மறுபடி மாற்றுங்கள்.

பின்னணி இசை கேட்கிறது, வசனம் மட்டும் இல்லை என்றால் அது வேறு கதை. ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். ஆறு சேனலை இரண்டாக்கும்போது நடுவை இரு பக்கமும் கலக்காமல், முன்னிடது முன்வலது இரண்டை மட்டும் எடுத்தால் பேச்சு போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. இயர்போனில் பேச்சு கேட்கும், ஒற்றை ஸ்பீக்கர் போனில் ஓட்டினால் நிசப்தம். மேடை மைக்கின் கேபிளில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் போகும், ஒன்றில் நேராக, மற்றொன்றில் தலைகீழாக. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது வழியில் ஏறிய இரைச்சல் அழிந்து குரல் மட்டும் மிஞ்சும். அதே கேபிளை ஒரு அடாப்டர் போட்டு கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் செருகினால், கேமரா ஒரு கம்பியை இடது என்றும் மற்றதை வலது என்றும் நினைத்துக்கொள்ளும். ஒற்றை ஸ்பீக்கருக்காக இரண்டையும் கூட்டும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரவி, விடை பூஜ்யம். மோனோவாக, அதாவது ஒற்றைச் சேனலாக, கன்வெர்ட் செய்தாலும் இதே கதிதான், ஒலித்தடம் இருக்கும், அதில் ஒன்றும் இருக்காது. மூல ஃபைலுக்குத் திரும்பிப் போய் வலது சேனலைத் தூக்கி எறிந்துவிட்டு, இடதையே இரு பக்கமும் வைத்து மாற்றினால் குரல் வந்துவிடும்.